தன்னார்வ ஆசிரியர்களுக்கு மூன்று நாள் பினாங்குக் கடற்கரை

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு வணக்கம்.

கெடா மாநிலத்துச் சுங்கைப் பட்டாணியில் நீங்கள் நடத்திவரும் பிற்பகல் வகுப்புகளில் ஆங்கிலமும் அறிவியலும் கற்பிப்பதற்காக இங்கிலாந்திலிருந்து இருவர், ஜெர்மனியிலிருந்து ஒருவர், சென்னையிலிருந்து ஒருவர் என நான்கு இளைஞர்கள் வந்து ஏழு வாரங்கள் ஆகிவிட்டன என்றும், அவர்கள் மூன்று நாள் விடுப்பு எடுத்துப் பினாங்குக் கடற்கரையில் தங்கிவர விரும்புகிறார்கள் என்றும் எழுதியிருந்தீர்கள். உங்கள் செயற்குழுவில் இது குறித்துக் கருத்து வேறுபாடு எழுந்திருப்பதையும் மறைக்காமல் சொல்லியிருக்கிறீர்கள். “பாடம் சொல்லிக்கொடுக்க வந்தவர்களுக்குக் கடற்கரையில் என்ன வேலை?” என்று மூத்தவர் ஒருவர் கேட்டிருக்கிறார். இன்னொருவரோ, போவதென்று முடிவாகிவிட்டால் மாணவர்கள் 20 பேரையும் கூடவே அனுப்பிவைக்கலாம், ஒரே செலவில் இரண்டு காரியம் முடியும் என்று யோசனை கூறியிருக்கிறார். அவர்களை அனுப்பலாமா, அனுப்பினால் எந்தக் கடற்கரைக்கு அனுப்புவது, எவற்றில் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்பவை உங்கள் கேள்விகள்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற நான், பினாங்குத் தீவில் தஞ்சோங் பூங்கா என்ற ஊரில் குடியிருக்கிறேன். உங்களைப் போன்ற அமைப்புகளின் வழியாக வந்த தன்னார்வலர்கள் பலர் என் வீட்டு மாடி அறையில் தங்கிக் கடற்கரைக்குப் போய்வந்திருக்கிறார்கள். அந்தப் பழக்கத்தை வைத்துச் சொல்கிறேன்: அவர்களைத் தாராளமாக அனுப்புங்கள், தனியாக அனுப்புங்கள். மாணவர்களை இந்தப் பயணத்தில் சேர்க்காதீர்கள், நிகழ்ச்சி எதையும் ஏற்பாடு செய்யாதீர்கள். இதைச் செயற்குழுவில் எடுத்துச் சொல்ல உங்களுக்கு உதவும் என்பதால் காரணங்களையும் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

வெளிநாட்டிலிருந்து வந்து கற்பிப்பவரின் களைப்பு நம் களைப்பைப் போன்றதன்று. நாம் வகுப்பை முடித்ததும் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நம் மொழியில் பேசலாம், பேசாமலும் இருக்கலாம். அவர்களுக்கு அந்தக் கதவு இல்லை. நான்கு மணி நேரம் வகுப்பில் நின்று ஒவ்வொரு வாக்கியத்தையும் நிறுத்தி நிறுத்தி, எளிய சொற்களாகத் தேடித் தேடிப் பேசிவிட்டு, மாலையில் திரும்புவதும் வேறொரு குடும்பத்தின் வீட்டுக்குத்தான். அங்கே கூடத்தில் உட்கார்ந்து தமக்குப் புரியாத பேச்சுக்கு நடுவே முகமலர்ச்சியோடு இருந்தாக வேண்டும். உணவு, தண்ணீர், வெக்கை, கொசு ஆகிய எல்லாமே புதியவை. முதல் மூன்று நான்கு வாரங்களுக்கு வந்த உற்சாகமே இவற்றையெல்லாம் தாங்கிக்கொள்ளும். ஆறாவது, ஏழாவது வாரத்தில்தான் தொண்டை கட்டும், சின்னச் சின்ன விஷயங்களுக்கு எரிச்சல் வரும், பாடக்குறிப்பு எழுதாமலே வகுப்புக்குப் போகத் தொடங்குவார்கள். உங்கள் நால்வரும் சரியாக அந்த நேரத்தில், அதுவும் வாய்விட்டு, விடுப்புக் கேட்டிருக்கிறார்கள் என்றால் அது பொறுப்புள்ளவர்கள் செய்யும் காரியம். கேட்காமல் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்து, பத்தாவது வாரத்தில் பாதியிலேயே விமானம் ஏறியவர்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

நிகழ்ச்சி எதுவும் வேண்டாம் என்று சொன்னதற்குக் காரணமான சம்பவம் ஒன்று உண்டு. சில ஆண்டுகளுக்கு முன்பு, பெருநிலத்தில் இயங்கிய ஓர் அமைப்பு தன்னிடம் பணிபுரிந்த இரண்டு பெண்களை ஓய்வுக்காக என் வீட்டுக்கு அனுப்பிவைத்தது. வெள்ளிக்கிழமை இரவு வந்து சேர்ந்தார்கள். சனிக்கிழமை காலை அமைப்பின் பொறுப்பாளர்கள் வேனில் வந்து, கோயில் ஒன்றில் பூசை, பொன்னாடை, மாலை, படம் எடுத்துக்கொள்ளுதல் எல்லாவற்றையும் முடித்து, உறுப்பினர் ஒருவர் வீட்டில் மதிய விருந்து, மற்றொருவர் வீட்டில் மாலைத் தேநீர், இன்னொருவர் வீட்டில் இரவுச் சாப்பாடு என்று அழைத்துப் போனார்கள். அத்தனையும் அன்பினால் செய்தவை, அதில் எனக்கு ஐயமே இல்லை. ஞாயிறு காலையும் இரண்டு வீடுகள் மிச்சம் இருந்தன. பேருந்தில் ஏறும் வரை அந்தப் பெண்கள் கடலில் கால் வைக்கவில்லை. புறப்படும் முன் அவர்களில் ஒருத்தி என் சமையலறையில் பாத்திரம் கழுவ உதவிக்கொண்டே, “சாப்பிட்டாயா என்று யாரும் கேட்காத ஒரு நாள் எனக்கு வேண்டும்” என்று மெல்லிய குரலில் சொன்னாள். சொல்லிவிட்டு, தவறாகப் பேசிவிட்டோமோ என்று பயந்து என் முகத்தைப் பார்த்தாள். கையில் இருந்த தட்டை அவள் கீழே வைக்கவே இல்லை. நம் வீடுகளில் அந்தக் கேள்வியைவிடப் பரிவான கேள்வி இல்லை. ஆனாலும், எந்நேரமும் விருந்தாளியாகவே இருப்பதுகூட ஒரு வேலைதான் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. அதன்பிறகு என் வீட்டில் தங்க வருபவர்களிடம் சாவியைக் கொடுத்து, அடுக்களையில் எது எங்கே இருக்கிறது என்று காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறேன்.

உங்கள் குழுவின் மூத்தவர் கேட்ட கேள்வியை நான் குறையாக எண்ணவில்லை. அவர் ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவராக இருக்கலாம், நானும் அப்படித்தான். என் பெற்றோர் இருட்டோடு எழுந்து பால் வெட்டப் போனவர்கள். கடற்கரைக்கு ஓய்வெடுக்கப் போவது என்ற பேச்சே எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், கிடையாது. வெள்ளைக்கார அதிகாரிகள் வெயிலுக்குப் பயந்து பினாங்குக் கொடிமலையில் பங்களா கட்டிக்கொண்டு, 1923-இல் மலைக்குத் தண்டவாளம் போட்டு முடித்த காலத்தில், அவர்களுக்கு அந்த வசதியைத் தந்த உழைப்பு யாருடையது என்பது நம் மக்களுக்குத் தெரியும். நான் முதன்முதலாகக் கடலைப் பார்த்தது, தைப்பூசத்துக்காகத் தோட்டத்து லாரியில் தண்ணீர்மலை முருகனைக் கும்பிட வந்தபோதுதான். பாலம் 1985-இல்தான் திறக்கப்பட்டது என்பதால், அப்போது லாரியே ஃபெரியில் ஏறித்தான் தீவுக்கு வந்தது. இந்த நினைவோடு வளர்ந்த ஒருவருக்கு, இருபது வயதுப் பிள்ளைகள் ஏழு வாரம் வேலை செய்துவிட்டுக் கடற்கரை கேட்பது மனத்தில் தைக்கத்தான் செய்யும். அவரிடம் நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான்: நம் பெற்றோருக்கு ஓய்வு மறுக்கப்பட்டது அநியாயம், அந்த அநியாயத்தை அளவுகோலாக வைத்து வேறு எவரையும் அளக்க வேண்டாம்.

மேலும், கற்பிக்கக் கடல் கடந்து வருபவர்கள் இந்த வட்டாரத்துக்குப் புதியவர்கள் அல்லர். இந்நாட்டின் தமிழ்க்கல்வி வரலாறு 1816-இல் பினாங்கு ஃபிரீ ஸ்கூலில் தொடங்கிய தமிழ் வகுப்பிலிருந்து எண்ணப்படுகிறது. அப்பள்ளியை நிறுவிய ஹட்சிங்ஸ் பாதிரியாரும் வெளியிலிருந்து வந்தவர்தாம். 1962 முதல் 1983 வரை அமெரிக்காவின் பீஸ் கோர் தொண்டர்கள் மலேசியாவின் பள்ளிகளிலும் மருத்துவ நிலையங்களிலும் பணியாற்றினார்கள். நான் இடைநிலைப் பள்ளியில் இரண்டாம் படிவம் படித்தபோது எங்களுக்கு அறிவியல் எடுத்தவர் அவர்களில் ஒருவர். ஒரு பள்ளி விடுமுறையில் அவர் பினாங்குக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டதும், இனி வரமாட்டார் என்றே நாங்கள் முடிவு கட்டிவிட்டோம். வந்தார். மூக்குத் தோல் உரிந்து, கழுத்தெல்லாம் சிவந்து வந்தார். வந்த முதல் நாளே ஒரு தேங்காயையும் மண்ணெண்ணெய் விளக்கையும் மேசைமேல் வைத்து, கடலோரத்தில் தாம் கவனித்த ஏற்றவற்றத்தை எங்களுக்கு விளக்கினார். மதியம் இடுப்பளவு தண்ணீர் நின்ற இடத்தில் மாலையில் நண்டு பிடித்தார்களாம். நிலவின் ஈர்ப்பு என்பது எனக்குப் புத்தகத்திலிருந்து வந்த பாடமே அன்று.

இதிலிருந்து உங்களுக்கு ஒரு வேண்டுகோள். நால்வரும் புறப்படும் முன்பு வகுப்பில் மாணவர்களிடம் தாங்களே சொல்லிவிட்டுப் போகட்டும்: எங்கே போகிறோம், எந்தக் கிழமை திரும்புகிறோம், திரும்பியதும் எந்தப் பாடத்தை எடுப்போம் என்பதைக் கரும்பலகையில் எழுதியே வைக்கலாம். தன்னார்வலர்கள் வந்து வந்து போகும் வகுப்புகளில் பிள்ளைகள் பிரிவுக்கு முன்னதாகவே மனத்தை இறுக்கிக்கொள்வார்கள். சொல்லாமல் மறைந்து மூன்று நாள் கழித்துத் தோன்றினால், அடுத்த வாரம் முழுவதும் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள்.

இனிக் கடற்கரைக்கு வருகிறேன். பினாங்குக் கடலைப் பற்றி அவர்களிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள். பளிங்கு போன்ற நீர், பவளப்பாறை, வண்ண மீன்கள் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். இங்கே கடல் பெரும்பாலும் கலங்கலாகவே இருக்கும். தெளிந்த நீருக்குத் திரெங்கானுவின் பெர்ஹெந்தியான் தீவுகளுக்குப் போக வேண்டும், அங்கும் நவம்பர் முதல் பிப்ரவரி வரை வடகிழக்குப் பருவக்காற்றினால் கடல் கொந்தளித்து விடுதிகள் பெரும்பாலும் மூடிக் கிடக்கும். மூன்றே நாள் விடுப்பில் அவ்வளவு தூரம் போய்வந்தால் பயணமே ஓய்வைத் தின்றுவிடும். பினாங்கின் சிறப்பு அது பக்கத்தில் இருப்பதும், வடகரை நெடுகிலும் மணல், மரநிழல், மலைச்சரிவு, சாப்பாட்டுக் கடை யாவும் நடக்கும் தூரத்தில் கிடைப்பதும்தான். படுத்திருந்து புத்தகம் படிக்கவும், காலையிலும் மாலையிலும் நடக்கவும், கரையோரத்தில் காலை நனைக்கவும் அது போதும்.

அந்த வடகரையில் மூன்று இடங்கள் உண்டு. என் வீடு இருக்கும் தஞ்சோங் பூங்கா நகரத்துக்கு நெருக்கம். குடியிருப்புகள் மிகுந்துவிட்டதால் மணலும் குறுகிவிட்டது, நீந்த ஏற்றதும் அன்று. அதற்கு அடுத்த பத்து பெரிங்கியில்தான் நீண்ட மணற்பரப்பும், விடுதிகளும், இரவு நேர அங்காடிகளும் உள்ளன. அதையும் தாண்டிச் சாலை முடியும் இடத்துக்கு அருகில் உள்ள தெலுக் பஹாங் ஒரு மீனவக் கம்பம், அதாவது கிராமம். உங்கள் நால்வரும் பத்து பெரிங்கியில் சாலையிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் சிறிய தங்குவிடுதி ஒன்றில் தங்கி, ஒரு நாள் மட்டும் தெலுக் பஹாங் பக்கம் போய்வருவதே நல்லது. மலேசியக் குடிமக்கள் அல்லாதவர்களுக்கு ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 வெள்ளி (ரிங்கிட்) சுற்றுலா வரி உண்டு என்பதை முன்பே சொல்லிவையுங்கள். பலர் அதை விடுதிக்காரர் கூடுதலாகப் பறிக்கும் பணம் என்று எண்ணிச் சச்சரவு செய்கிறார்கள்.

கெடாவில் பள்ளி வார விடுமுறை வெள்ளியும் சனியும் என்பது உங்களுக்கு நல்ல வாய்ப்பு. பினாங்கில் விடுமுறை சனியும் ஞாயிறும் என்பதால், வெள்ளிக்கிழமை முழுவதும் கடற்கரை ஏறக்குறைய காலியாகவே இருக்கும். எனவே வியாழன் பிற்பகல் வகுப்பை மட்டும் வேறு ஒருவரை எடுக்கச் சொல்லி அன்று நண்பகலிலேயே அவர்களைப் புறப்படச் செய்து, சனிக்கிழமை மாலை திரும்பும்படி அமைத்துக்கொள்ளுங்கள். சனி பிற்பகலில் குடும்பங்கள் கார்களில் வந்து குவிந்து வளைவுச் சாலை அடைபடும் நேரத்தில் இவர்கள் எதிர்த்திசையில் திரும்பிக்கொண்டிருப்பார்கள்.

காரில் கொண்டுவந்து விடுகிறோம் என்று குழுவினர் முன்வருவார்கள், வேண்டாம். சுங்கைப் பட்டாணியில் கொமுட்டர் ரயில் ஏறினால் தீவுக்கு எதிர்க்கரையில் உள்ள பட்டர்வொர்த்தில் இறங்கலாம். நிலையத்திலிருந்து பினாங்கு சென்ட்ரல் போக்குவரத்து மையத்தின் வழியாக நடைபாதையிலேயே ஃபெரித் துறைக்குப் போய்விடலாம். 2023 ஆகஸ்டு முதல் ஓடும் நான்கு புதிய ஃபெரிகளுக்கும் தெலுக் பஹாங், தெலுக் டுயோங், தெலுக் கம்பி, தெலுக் கும்பார் என்று தீவின் கரைகளின் பெயர்களையே வைத்திருக்கிறார்கள். அவர்கள் ஏறும் ஃபெரியின் பெயரும் மறுநாள் கால் வைக்கப்போகும் கரையின் பெயரும் ஒன்றாகவே இருக்கக்கூடும். தீவில் வெல்ட் கீ துறையில் இறங்கியதும் 101-ஆம் எண் ரேப்பிட் பினாங்கு பேருந்து நகர நடுவே உள்ள கொம்தார் கட்டடத்தின் வழியாகத் தஞ்சோங் பூங்கா, பத்து பெரிங்கி, தெலுக் பஹாங் வரை செல்லும். சில்லறை கையில் இருக்கட்டும், ஓட்டுநர் மீதி தரமாட்டார். கடல் வலப்பக்கம் வரும் என்பதால் அந்தப் பக்கத்து இருக்கையில் உட்காரச் சொல்லுங்கள். தாங்களாகவே வழி கேட்டு, தாங்களாகவே ஏறி இறங்கிப் போவதில் ஒரு விடுதலை இருக்கிறது. ஏழு வாரமாக எல்லா இடத்துக்கும் யாரோ ஒருவர் காரில் அழைத்துப்போன பிள்ளைகளுக்கு அதுவே பாதி ஓய்வு.

பருவத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கரைக்கு டிசம்பர் பிற்பாதி முதல் மார்ச் வரை நல்ல காலம். செப்டம்பர் முதல் நவம்பர் வரை மழை அதிகம். ஆண்டின் நடுப்பகுதியில் விடியற்காலையில் சுமத்ரா பக்கமிருந்து திடீரென்று காற்றும் மழையும் அடித்து இரண்டு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். இடி கேட்டதும் மணலைவிட்டு எழுந்து கூரைக்குக் கீழே வந்துவிட வேண்டும், மரத்தடியில் ஒதுங்கக் கூடாது.

எச்சரிக்கைகளில் முதலாவது ஜெல்லிமீன். பினாங்குக் கடலில் பெட்டி வடிவ ஜெல்லிமீன்கள் உண்டு, உயிருக்கே ஆபத்து விளைவிக்கக்கூடியவை. கண்ணாடிபோல இருப்பதால் கலங்கிய நீரில் தெரியவே தெரியாது. சில ஆண்டுகளுக்கு முன்பு தெலுக் டுயோங்கில் என்னோடு வந்திருந்த ஓர் இளைஞன் முழங்கால் அளவு நீரில் நின்றவன், திடீரென்று அலறிக்கொண்டு கரைக்கு ஓடிவந்தான். கெண்டைக்காலைச் சுற்றிச் சாட்டையால் அடித்ததுபோல மூன்று சிவப்புக் கோடுகள் எழும்பியிருந்தன. கூட வந்த தோழி பதறிப்போய் மணலை அள்ளித் தேய்க்கப் போனாள். படகோட்டி பாக் சிக் அவள் கையைப் பிடித்துத் தடுத்துவிட்டு, படகின் அடியிலிருந்து ஒரு வினிகர் புட்டியை எடுத்துவந்து கால் முழுவதும் நிதானமாக ஊற்றினார், புட்டி பாதி காலியாகும் வரை ஊற்றினார். அதன்பிறகு ஒரு குச்சியால் ஒட்டியிருந்த இழைகளை எடுத்தார். மருத்துவமனைக்குப் போய்ச் சேரும் வரை பையனுக்கு உடல் நடுக்கம் நிற்கவில்லை. அன்று இரவே தேறிவிட்டான், ஆனால் தழும்பு மாதக்கணக்கில் இருந்தது.

பாக் சிக் செய்ததுதான் முறையும். குறைந்தது அரை நிமிடம் வினிகரை விடாமல் ஊற்ற வேண்டும். நல்ல தண்ணீரால் கழுவக் கூடாது, தேய்க்கக் கூடாது, இழைகளை வெறுங்கையால் தொடக் கூடாது. மூச்சுத்திணறலோ நெஞ்சடைப்போ தெரிந்தால் உடனே 999-ஐ அழைக்க வேண்டும். நான்கு பேருக்கும் ஆளுக்கொரு சிறு வினிகர் புட்டியைப் பையில் வைத்து அனுப்புங்கள். மளிகைக்கடையில் கிடைக்கும் சாதாரண வினிகரே போதும். முழுக்கை நீச்சல் உடையும் கால்சட்டையும் அணிந்து இறங்கினால் தோல் வெளியே தெரியும் இடம் குறையும், வெயில் கொப்புளமும் வராது. ஜெல்லிமீன் நடமாட்டம் பற்றிய அறிவிப்புப் பலகை இருந்தால், உள்ளூர்ப் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தாலும் நீரில் இறங்கவே வேண்டாம். விடுதிகளின் நீச்சல்குளம் எதற்கு இருக்கிறது?

தெலுக் பஹாங்கில் சாலை முடியுமிடத்தில் பினாங்கு தேசியப் பூங்கா தொடங்குகிறது. 2003-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இந்தக் காடு, உலகின் மிகச் சிறிய தேசியப் பூங்காக்களில் ஒன்று. நுழைவாயிலில் பெயர் பதிந்துவிட்டு, காட்டுப்பாதையில் ஒன்றரை மணி நேரம் நடந்தால் ஒரு பக்கம் குரங்குக் கடற்கரை என்று எல்லாரும் சொல்லும் தெலுக் டுயோங்கும், மலையேறி இறங்கினால் மறுபக்கம் கெராச்சுட் கடற்கரையும் வரும். நடக்க விரும்பாதவர்கள் படகில் போகலாம். படகில் போவதானால் கூலியையும் திரும்பி அழைக்க வரும் நேரத்தையும் புறப்படும் முன்பே பேசி முடித்து, உயிர்காப்புச் சட்டை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஏற வேண்டும். எந்தப் பாதை திறந்திருக்கிறது என்பதைப் பூங்கா அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளட்டும், மண்சரிவுக்குப் பிறகு பாதைகளை மூடிவிடுவது உண்டு.

இரண்டில் ஒன்றுதான் என்றால் நான் கெராச்சுட்டையே சொல்வேன். அங்கே மீன்வளத்துறையின் ஆமைப் பாதுகாப்பு நிலையம் இருக்கிறது. ஏறத்தாழ ஏப்ரல் முதல் ஆகஸ்டு வரை பேராமைகள் அந்த மணலில் வந்து முட்டையிடுகின்றன. முட்டைகளைப் பாதுகாப்பாக வேறு குழிகளில் புதைத்துப் பொரிக்கவைக்கிறார்கள். கடற்கரைக்குப் பின்னால் ஒரு விசித்திரமான ஏரியும் உண்டு. மேலடுக்கில் நன்னீரும் கீழடுக்கில் கடல்நீருமாக இரண்டும் கலக்காமல் நிற்கும், வறண்ட மாதங்களில் வெறும் சேற்றுப் பள்ளமாகக் காட்சியளிக்கும். அறிவியல் எடுக்கும் ஒருவருக்கு ஏரிமேல் உள்ள பாலத்தில் நின்று பார்ப்பதற்கு நிறைய இருக்கிறது. ஆனால் கெராச்சுட்டில் நீரோட்டம் வலுவானது, நீந்தவே கூடாது. தெலுக் டுயோங்கில் குரங்குகள் பையைத் திறந்து உணவைத் தூக்கிக்கொண்டு போகும், எதிர்த்தால் கடிக்கும், கடித்தால் மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். பூங்காவுக்குள்ளிருந்து சிப்பி, சங்கு, செடி எதையும் எடுத்துவர வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

2004 டிசம்பர் 26 அன்று சுமத்ரா நிலநடுக்கத்தால் எழுந்த ஆழிப்பேரலை இந்தக் கரைகளையும் தாக்கியது. மலேசியாவில் உயிரிழந்த 68 பேரில் 52 பேர் பினாங்கில் மாண்டவர்கள், அவர்களில் பலர் ஞாயிற்றுக்கிழமை என்று குடும்பத்தோடு கடற்கரைக்கு வந்தவர்கள். சென்னையிலிருந்து வந்திருப்பவருக்கு அந்த நாளைப் பற்றி நாம் சொல்ல வேண்டியதில்லை. மற்ற மூவருக்கும் ஒரு வாக்கியம் போதும்: கடல் வழக்கத்துக்கு மாறாக உள்வாங்கினால் வேடிக்கை பார்க்க நிற்காமல் மேட்டுக்கு ஓட வேண்டும்.

உண்மையில் தன்னார்வலர்கள் இங்கே அதிகம் மாட்டிக்கொள்வது கடலில் அன்று, சாலையில்தான். வாடகை மோட்டார் சைக்கிள் மலிவாகக் கிடைக்கும். தஞ்சோங் பூங்காவுக்கும் பத்து பெரிங்கிக்கும் இடையே சாலை ஒருபுறம் பாறையும் மறுபுறம் பள்ளமுமாக வளைந்து வளைந்து செல்கிறது, மழையில் வழுக்கும். மோட்டார் சைக்கிளுக்குச் செல்லும் அனைத்துலக ஓட்டுநர் உரிமம் இல்லாமல் ஓட்டி விழுந்தால், காப்புறுதி ஒரு காசும் தராது. பேருந்து இருக்கிறது, இரவில் தேவைப்பட்டால் கிராப் வாடகைக் கார் இருக்கிறது. மோட்டார் சைக்கிள் கூடவே கூடாது என்று நீங்கள் கண்டிப்பாகவே சொல்லலாம். அமைப்பின் பொறுப்பாளராக அதற்கு உங்களுக்கு உரிமை உண்டு. இந்நாட்டில் 21 வயது நிரம்பாதவர்களுக்கு மது விற்கக் கூடாது என்ற சட்டத்தையும் தெரிவியுங்கள். ஐரோப்பாவில் 18 வயதிலேயே வாங்கிப் பழகியவர்கள் கடையில் தகராறு செய்ய வேண்டாம். கடவுச்சீட்டு எப்போதும் கையில் இருக்கட்டும்.

உடை பற்றியும் கேட்டிருந்தீர்கள். பத்து பெரிங்கி மணலில் எல்லா நாட்டு மக்களும் எல்லா உடையிலும் இருப்பார்கள், எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. தெலுக் பஹாங் கம்பத்துக்குள் நடக்கும்போது மட்டும் நீச்சல் உடைக்கு மேல் ஒரு சட்டையோ கைலியோ சுற்றிக்கொண்டால் போதும். வெள்ளிக்கிழமை நண்பகலில் தொழுகை நேரம் என்பதால் மலாய்க்காரர் கடைகள் மூடியிருக்கும், காலையில் பசியாறியதும் மதியத்துக்கு ஏதாவது வாங்கி வைத்துக்கொள்ளட்டும். மாலை மங்கும் நேரத்தில் மணல் ஈ கடிக்கும், காலுக்கு எண்ணெய் தடவிக்கொள்ள வேண்டும்.

மாணவர்களைக் கூட அனுப்பும் யோசனைக்கு வருகிறேன். அந்த உறுப்பினரின் எண்ணம் நல்லது, உங்கள் 20 பிள்ளைகளில் சிலர் கடலையே பார்த்திராதவர்களாக இருக்கலாம் என்பதும் எனக்குப் புரிகிறது. ஆனால் கடலோரத்தில் 20 பிள்ளைகளைக் கவனித்துக்கொள்வது வகுப்பறையைவிடப் பன்மடங்கு கடினமான வேலை. ஒரு நொடி கண்ணை எடுக்க முடியாது. ஓய்வு என்று பெயர் சொல்லி அந்தப் பொறுப்பை நால்வர் தலையில் ஏற்றுவது அவர்களுக்கும் நியாயம் இல்லை, பிள்ளைகளின் பாதுகாப்புக்கும் நல்லதன்று. பிள்ளைகளுக்கென்று தனியாக ஒரு நாள் வையுங்கள். மாசிமகத்தன்று வந்தால் தெலுக் பஹாங் சிங்கமுகக் காளியம்மன் கோயில் விழாவில் அம்மன் தெப்பம் கடலில் செல்வதையும், மக்கள் விடும் அகல் விளக்குகள் இருட்டில் அலைமேல் மிதந்து போவதையும் அவர்கள் பார்க்கலாம். பெற்றோரும் உடன் வருவார்கள், கோயில் வளாகத்தில் அன்னதானமும் கிடைக்கும். அந்தப் பயணத்தில் உங்கள் தன்னார்வலர்கள் விரும்பி வந்தால் வரட்டும், அது அவர்களுக்கு வேலைநாளாகக் கணக்கில் இருக்கட்டும். நாள் குறித்ததும் எனக்கு எழுதுங்கள், இங்கிருந்து பெரியவர்கள் நான்கைந்து பேரை நான் கூட்டிவருகிறேன்.

கடைசியாக, இந்த மூன்று நாளில் அவர்களுக்கு நீங்கள் தொலைபேசியில் அழைக்காதீர்கள். காலையில் ஒரு முறை, இரவில் ஒரு முறை “நலம்” என்று அவர்களே ஒரு செய்தி அனுப்பினால் போதும் என்று பேசிக்கொள்ளுங்கள். அவசரத்துக்கு என் வீடு பத்து நிமிட தூரத்தில் இருக்கிறது, என் எண் உங்களிடம் உண்டு. சனிக்கிழமை மாலை ரயிலில் அவர்கள் திரும்பும்போது நிலையத்துக்கு ஒரே ஒரு வண்டியை மட்டும் அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் முதல் வகுப்பை அவர்களுக்குப் போடாமல், இரண்டாவது வகுப்பிலிருந்து கால அட்டவணையைத் தொடங்கச் சொல்லுங்கள். துணி துவைத்துக் காயப்போடவும், கரும்பலகையில் எழுதிவைத்துப் போன பாடத்தைத் தயார்செய்யவும் அவர்களுக்கு அந்த ஒரு மணி நேரம் தேவைப்படும்.